அமெரிக்க அரசியலமைப்புக்கு முன்னால் இருந்த 11 அரசியலமைப்புகள்

'1787-இல் பிலடெல்பியாவில் கூடிய 55 பேர் அமெரிக்க அரசியலமைப்பைத் தாங்களே யோசித்து எழுதினார்கள் என்றுதான் படித்திருக்கிறோம். அதற்கு முன்பே மாநிலங்களுக்குத் தனித்தனி அரசியலமைப்பு இருந்ததாக இப்போது தெரிகிறது. அப்படியென்றால் அதைப் பார்த்து எழுதியதுதானா இது?' என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாநில ஆவணங்களிலிருந்து வாசகங்களை எடுத்தார்களா என்பது ஒன்று. அந்த மாநிலங்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த விதத்தைப் பார்த்து எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். இரண்டாவதுதான் பெரிய விஷயம். நான் சட்டக் கல்லூரியில் ஒப்பீட்டு அரசியலமைப்புச் சட்டம் நடத்தியவன். தொழில்முறை வரலாற்று ஆய்வாளன் அல்ல. அந்த வரம்போடு இதைப் படியுங்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இந்தியாவில் தமிழ்நாட்டுக்கோ கேரளத்துக்கோ தனி அரசியலமைப்பு கிடையாது. ஒன்றியமும் மாநிலங்களும் ஒரே ஆவணத்துக்குள் இருக்கின்றன. அமெரிக்காவில் வரிசை தலைகீழ். 1776 மே 10 அன்று, சுதந்திரப் பிரகடனம் வருவதற்கு முன்பே, காங்கிரஸ் (குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய சபை) பிரிட்டிஷ் குடியேற்றங்களைப் பார்த்து 'உங்களுக்கான அரசை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்' என்று தீர்மானம் போட்டது. நியூ ஹாம்ப்ஷயரும் தென் கரோலினாவும் அதற்கும் முன்னாலேயே எழுதி முடித்திருந்தன. 1777 ஏப்ரலுக்குள் பத்து மாநிலங்கள் எழுதிவிட்டன. மாசசூசெட்ஸ் 1780-இல் பதினோராவதாக வந்தது. கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் மட்டும் அரசர் கொடுத்த பழைய பட்டயத்தையே அரசரை நீக்கிவிட்டு வைத்துக்கொண்டன. ஆக, பிலடெல்பியாவில் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் பதினோரு சோதனைகளின் முடிவுகள் கிடந்தன. அவர்களில் பலர் அந்தச் சோதனைகளை நடத்தியவர்களும்கூட. வர்ஜீனியாவின் 1776 ஆவணத்தில் முக்கியக் கை ஜார்ஜ் மேசனுடையது. அதை எழுதிய மாநாட்டில் இளைஞராக உட்கார்ந்திருந்தவர் ஜேம்ஸ் மேடிசன். நியூயார்க்கின் 1777 ஆவணத்தில் குவெர்னர் மோரிஸுக்குப் பங்கு உண்டு (குவெர்னர் என்பது அவர் பெயர்தான், பதவி இல்லை). 1787-இல் இறுதி வாசகத்தைச் செதுக்கியவரும் அவரே.

சரி, வாசகங்களைப் பார்ப்போம். இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. நியூயார்க்கின் 1777 அரசியலமைப்பு, ஆளுநர் மாநிலத்தின் நிலைமையைச் சட்டமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பரிசீலிக்க வேண்டியவற்றைப் பரிந்துரைக்க வேண்டும், சட்டங்கள் உண்மையாக நிறைவேற்றப்படுவதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே பிரிவில் சொல்கிறது. கூட்டாட்சி அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு வைக்கும் கடமைகளும் இவையே, ஏறக்குறைய அதே சொற்களில். இன்று ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வரும் குடியரசுத் தலைவரின் 'ஒன்றிய நிலைமை' உரையின் வேர் இந்த நியூயார்க் பிரிவுதான். துணைக் குடியரசுத் தலைவர் செனட்டுக்குத் தலைமை தாங்கி, வாக்குகள் சமமானால் மட்டும் வாக்களிப்பதும் நியூயார்க்கின் துணை ஆளுநருக்கு இருந்த ஏற்பாடு. நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஹாமில்டனே, புதிய அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் அந்த ஒப்புமையைச் சுட்டிக்காட்டி, 'ஏற்கெனவே இருப்பதுதானே' என்று எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார்.

மாசசூசெட்ஸிடமிருந்து வந்தவை இன்னும் அதிகம். வரி மசோதா கீழவையில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி பல மாநிலங்களில் இருந்தது. சில இடங்களில் மேலவை அதைத் தொடவே கூடாது. மாசசூசெட்ஸோ 'மற்ற மசோதாக்களைப் போலவே செனட் திருத்தம் சொல்லலாம், திருத்தத்துக்கு இசையலாம்' என்று எழுதியது. கூட்டாட்சி ஆவணத்தில் அதே வால் அப்படியே ஒட்டியிருக்கிறது. பதவிநீக்க விசாரணையில் தண்டனை பதவி பறிப்பையும் இனிப் பதவி வகிக்கத் தடையையும் தாண்டக்கூடாது, ஆனால் அந்த நபர் மீது வழக்கமான நீதிமன்றத்தில் குற்ற வழக்குத் தொடரலாம் என்பதும் அங்கே இருந்ததே. நீதிபதி நியமனத்துக்குப் பேச்சுப் பதிவே சாட்சி. 1787 ஜூலை 18 அன்று மாசசூசெட்ஸின் நதானியல் கோரம், குடியரசுத் தலைவர் நியமிக்கட்டும், மேலவை ஆலோசனையும் இசைவும் தரட்டும், எங்கள் மாநிலத்தில் நீண்டகாலமாக இப்படித்தான் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது என்று சொன்னதை மேடிசன் குறித்து வைத்திருக்கிறார். மாசசூசெட்ஸில் அந்த இசைவைத் தந்தது ஆளுநரின் ஆலோசனைக் குழு. பிலடெல்பியாவில் அந்த இடத்துக்குச் செனட் வந்தது.

வீட்டோ அதிகாரம் இந்த இரண்டு மாநிலங்களின் கலவை. நியூயார்க்கில் ஆளுநரும் உயர் நீதிபதிகளும் சேர்ந்த ஒரு மறுபரிசீலனைக் குழு மசோதாவைத் திருப்பி அனுப்பலாம்; மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் சட்டமன்றம் அதை மீறலாம்; குழுவுக்குப் பத்து நாள் அவகாசம். மாசசூசெட்ஸில் ஆளுநர் ஒருவரே திருப்பி அனுப்பலாம். அங்கேயும் மூன்றில் இரண்டு பங்குதான், அவகாசம் ஐந்து நாள். மேடிசனும் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சனும் நியூயார்க் மாதிரிக்கு விடாமல் வாதாடினார்கள். நீதிபதிகளைச் சட்டம் இயற்றும் வேலைக்குள் இழுக்கக்கூடாது என்று மாநாடு ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டது. கடைசியில் நின்றது மாசசூசெட்ஸின் தனி ஆள் வீட்டோ, நியூயார்க்கின் பத்து நாள்.

இனி இரண்டாவது கேள்வி. என் கருத்தில், மாநில அரசியலமைப்புகள் முன்மாதிரியாக இருந்ததைவிட எச்சரிக்கையாக இருந்ததே பெரிய தாக்கம். 1776-இல் எழுதியவர்கள் அரசரின் ஆளுநர்களிடம் பட்ட பாட்டை மறக்காதவர்கள். அதனால் பெரும்பாலான மாநிலங்கள் ஆளுநரைப் பல் பிடுங்கிய பாம்பாக்கின. வர்ஜீனியாவில் ஆண்டுதோறும் சட்டமன்றமே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும், தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது, வீட்டோ இல்லை, எதற்கும் ஆலோசனைக் குழுவைக் கேட்க வேண்டும். பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேலே போய் ஆளுநர் பதவியையே ஒழித்தது. ஒரே அவை, பன்னிரண்டு பேர் கொண்ட நிர்வாகக் குழு, ஆண்டுதோறும் தேர்தல், வரி கட்டும் 21 வயது ஆண் எல்லாருக்கும் வாக்கு. பொதுவான மசோதாக்களை அச்சிட்டு மக்கள் பார்வைக்கு வைத்து, அவசரம் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தொடரில்தான் நிறைவேற்ற வேண்டும். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக் குழு ஒன்று கூடி, அரசியலமைப்பு மீறப்பட்டதா என்று ஆராய வேண்டும். அதை எழுதிய மாநாட்டுக்குத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு ஈர்ப்பு வரும் ஆவணம் அது. பதினொன்றில் மக்களை அதிகம் நம்பியது அதுதான்.

நடைமுறை வேறு மாதிரி போனது. 1783-84இல் கூடிய தணிக்கைக் குழுவே, சட்டமன்றம் பல இடங்களில் அரசியலமைப்பை மீறியிருக்கிறது, சொத்து வழக்குகளில்கூடத் தலையிட்டிருக்கிறது என்று பதிவு செய்தது. 1785-இல் சட்டமன்றம் வட அமெரிக்க வங்கியின் பட்டயத்தை ஒரு வாக்கெடுப்பில் ரத்து செய்தது. ரோட் ஐலண்டில் 1786-இல் காகிதப் பணத்தை அச்சிட்டு, அதை வாங்க மறுக்கும் வியாபாரிக்கு அபராதம் என்று சட்டம் போட்டார்கள். வர்ஜீனியாவின் சட்டமன்றத்தைப் பற்றி ஜெஃபர்சன் தன் 'வர்ஜீனியா குறிப்புகள்' நூலில், 173 கொடுங்கோலர்கள் ஒருவனைப் போலவே கொடுமையாகத்தான் இருப்பார்கள் என்று எழுதினார். அந்தப் பகுதியை மேடிசன் எடுத்து ஃபெடரலிஸ்ட் 48-இல் போட்டுக்கொண்டார், பென்சில்வேனியா தணிக்கைக் குழுவின் அறிக்கையோடு சேர்த்து.

மாநாட்டில் பேசியதையும் பாருங்கள். 1787 மே 29 அன்று, தொடக்க உரையிலேயே, வர்ஜீனியா ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப் மாநிலங்களை ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டுப் பேசுகிறார்: வர்ஜீனியாவின் செனட் வெறும் நிழல், மேரிலாந்தின் செனட் கொஞ்சம் பலமானது, ஆனால் அண்மைக் குழப்பங்கள் அதுவும் போதாது என்று காட்டிவிட்டன, நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் உள்ள தடுப்பு இன்னும் உறுதியானது. ஜூலை 17 அன்று மேடிசன், மாநில நிர்வாகத் தலைவர்கள் பூஜ்யங்கள், சட்டமன்றங்களே சர்வ வல்லமை படைத்தவை என்கிறார். வில்சன் அதற்கு முன்பே, ஜூன் 1 அன்று, மக்களே நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம், நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் அதை வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கின்றன என்று சொல்லியிருந்தார். ஆனால் ராண்டால்ஃப் முன்வைத்த திட்டத்தில் காங்கிரஸே தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அதாவது வர்ஜீனியா முறை. கோடை முழுக்க அந்த ஏற்பாடே திரும்பத் திரும்ப வென்றது. செப்டம்பர் தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டார்கள். 1776-இன் வர்ஜீனியாவிலிருந்து 1780-இன் மாசசூசெட்ஸுக்கு ஒரு தலைமுறை அரசியல்வாதிகள் நடந்த தூரத்தை, பிலடெல்பியாவில் நான்கே மாதத்தில் இன்னொரு முறை நடந்திருக்கிறார்கள்.

இரண்டு அவை, நீண்ட பதவிக்காலம் உள்ள செனட், வீட்டோ உள்ள தனி நிர்வாகத் தலைவர், மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடவும் ஒப்பந்தங்களைக் குலைக்கவும் தடை: இவை எல்லாவற்றுக்கும் பின்னால் மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றிய பயம் இருக்கிறது. மாநிலங்கள் இயற்றும் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கு வேண்டும் என்றுகூட மேடிசன் கேட்டார். மாநாடு அந்த அளவுக்குப் போகவில்லை. அந்தப் பயம் நியாயமானதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. கடனில் மூழ்கிய விவசாயிகளுக்குச் சட்டமன்றங்கள் கொடுத்த நிவாரணத்தைத்தான் கடன் கொடுத்தவர்கள் 'அராஜகம்' என்று அழைத்தார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நிவாரணம் கொடுக்க மறுத்த மாசசூசெட்ஸில்தான் 1786-இல் ஷேஸ் கலகம் என்ற விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தது என்பதை நினைத்தால், இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

மாநிலங்கள் தந்தவற்றில் இன்னொன்றை மக்கள் அதிகம் பேசுவதில்லை: அரசியலமைப்பை எப்படி இயற்றுவது என்ற முறை. 1776-இல் பெரும்பாலான இடங்களில் இருந்த சட்டமன்றமோ மாநாடோ அதை எழுதி, தானே நிறைவேற்றியது. மாசசூசெட்ஸின் கான்கார்ட் என்ற சிற்றூர் அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஒரு தீர்மானம் போட்டது: சட்டமன்றம் அரசியலமைப்பை எழுதினால் அதே சட்டமன்றம் அதை மாற்றவும் செய்யும், அப்புறம் மக்களுக்கு என்ன பாதுகாப்பு? இதற்கென்றே தனி மாநாடு வேண்டும். 1778-இல் சட்டமன்றம் எழுதிக் கொடுத்த வரைவை ஊர்கள் பெருவாரியாக நிராகரித்தன. பிறகு தனி மாநாடு கூடி, பெரும்பகுதியை ஜான் ஆடம்ஸ் எழுத, ஊர்க் கூட்டங்களில் பிரிவு பிரிவாக விவாதித்து 1780-இல் ஏற்றார்கள். அந்த ஆவணம், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கூட்டாட்சி அரசியலமைப்பை மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்றால் போதாது, மக்கள் தேர்ந்தெடுத்த தனி மாநாடுகள் ஏற்க வேண்டும் என்ற ஏழாம் பிரிவுக்கு அடித்தளம் இந்த யோசனைதான். ஆடம்ஸ் அப்போது லண்டனில் தூதர். பிலடெல்பியாவில் கால் வைக்காமலே அந்த மாநாட்டில் மிக அதிகம் 'பேசிய' ஆள் அவர்தான் என்று வகுப்பில் சொல்வேன், கொஞ்சம் மிகைதான்.

உரிமைகள் சாசனம் (அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) விஷயத்தில் கதை கொஞ்சம் கோணல். 1776 ஜூன் 12 அன்று வர்ஜீனியா ஏற்ற உரிமைப் பிரகடனம் மேசனுடையது. மதம் பற்றிய பிரிவில் அவர் 'சகிப்பு' என்று எழுதியிருந்ததை, 25 வயது மேடிசன், எல்லாருக்கும் மதத்தைச் சுதந்திரமாகக் கைக்கொள்ளும் உரிமை உண்டு என்று மாற்ற வைத்தார். 1787 செப்டம்பர் 12 அன்று மேசன், மாநிலப் பிரகடனங்களை வைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் ஓர் உரிமைப் பட்டியல் தயாரித்துவிடலாம் என்றார். ரோஜர் ஷெர்மன், மாநிலப் பிரகடனங்கள் இன்னும் செல்லுபடியாகின்றன, அதுவே போதும் என்றார். ஒரு மாநிலம்கூட மேசனுக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. பிறகு ஏற்பு மாநாடுகளில் எழுந்த எதிர்ப்பால் 1789-இல் மேடிசனே அந்த வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று. முந்திய ஆண்டுதான் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் காகிதத் தடுப்புகளை ஒவ்வொரு மாநிலத்திலும் பெரும்பான்மையினர் மீறியிருக்கிறார்கள் என்று அவநம்பிக்கையோடு எழுதியிருந்தார். மாநிலங்களுக்கும் பொருந்தும்படி ஒரு திருத்தம், அதாவது மனச்சாட்சி, பத்திரிகை, ஜூரி விசாரணை ஆகிய உரிமைகளை எந்த மாநிலமும் மீறக்கூடாது என்பது, அவர் பட்டியலில் இருந்தது. செனட் அதை வெட்டிவிட்டது. மீதியில் பெரும்பாலானவை மாநிலப் பிரகடனங்களில் ஏற்கெனவே இருந்தவையே.

இப்போது சந்தேகத்துக்குரியவற்றுக்கு வருகிறேன். மேரிலாந்தின் செனட்டர்கள் 15 பேரையும், மக்கள் தேர்ந்தெடுத்த வாக்காளர் குழு ஒன்று அன்னாபொலிஸில் கூடித் தேர்ந்தெடுக்கும். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் மூலம் இதுதான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். ஒற்றுமை கண்ணில் படுகிறது. ஜூலை 17 அன்று வாக்காளர் குழு யோசனையை முன்மொழிந்தவரும் மேரிலாந்தின் லூதர் மார்ட்டின்தான், ஆதரித்தவை மேரிலாந்தும் டெலவேரும் மட்டும். ஆனால் வில்சன் ஜூன் 2 அன்றே வேறொரு வடிவில் இதைச் சொல்லியிருந்தார். மேரிலாந்து செனட்டைப் பிரதிநிதிகள் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் கூட்டாட்சிச் செனட்டைப் பற்றிப் பேசும்போது. ஆகவே 'இருக்கலாம்' என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் ஒதுக்கலாமா என்பதும் இப்படித்தான். சில மாநிலங்களில் நீதிபதிகள் அப்படிச் செய்திருக்கிறார்கள், மக்களும் வரவேற்றார்கள் என்று எல்பிரிட்ஜ் கெர்ரி ஜூன் 4 அன்று சொன்னது பதிவில் இருக்கிறது. அந்த எண்ணம் அவர்களுக்குப் பழக்கமானது என்பது உறுதி. ஆவணத்தில் அதை வெளிப்படையாக எழுதாமல் விட்டது எந்த நோக்கத்தில் என்பது விவாதத்துக்குரியது.

இதைவிட அடிப்படையான ஒரு சிக்கல், ஒற்றுமை இருந்தாலே கடன் வாங்கியதாகிவிடாது என்பது. 'மிகையான பிணை கேட்கக்கூடாது, கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கூடாது' என்ற வாசகம் வர்ஜீனியாவின் 1776 பிரகடனத்தில் இருக்கிறது, 1791-இன் எட்டாம் திருத்தத்திலும் இருக்கிறது. ஆனால் வர்ஜீனியா அதை 1689-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உரிமைச் சட்டத்திலிருந்து எடுத்தது. பெற்றோரா, ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளா என்று பிரித்துச் சொல்ல எல்லா இடத்திலும் முடியாது. இடையில் நிகழ்ந்த மாற்றம் தெரியும் இடங்களில்தான் உறுதி கிடைக்கும். பதவிநீக்கக் காரணங்கள் நல்ல உதாரணம். வர்ஜீனியாவின் 1776 ஆவணத்தில் 'நிர்வாகச் சீர்கேடு' ஒரு காரணம். 1787 செப்டம்பர் 8 அன்று மேசன் அதே சொல்லைக் கூட்டாட்சி ஆவணத்திலும் சேர்க்கச் சொன்னார். அது மிகவும் தெளிவற்ற சொல், தலைவரின் பதவி செனட்டின் இஷ்டத்துக்கு ஆகிவிடும் என்று மேடிசன் மறுத்தார். மேசன் அங்கேயே வேறு சொற்றொடரைப் போட்டார். 'பெருங்குற்றங்களும் தவறான நடத்தைகளும்' என்பது வந்த வழி அது. அதே வர்ஜீனியா ஆவணம் ஆளுநரைப் பதவியை விட்ட பிறகுதான் விசாரிக்கலாம் என்றது, டெலவேரும் அப்படியே. 2021-இல் பதவி முடிந்த டிரம்பைச் செனட் விசாரிக்கலாமா என்ற வாதத்தில் இந்த இரண்டு பழைய ஆவணங்களும் மேசைக்கு வந்தன.

இவ்வளவுக்கும் நாம் நம்பியிருப்பது பெரும்பாலும் மேடிசனின் குறிப்புகளை. மாநாடு கதவடைத்து நடந்தது. அவர் குறிப்புகள் 1840-இல்தான் வெளிவந்தன. இடையில் அவரே அவற்றைத் திருத்தியும் இருக்கிறார். ஜூலை இறுதியில் ரட்லெட்ஜ், ராண்டால்ஃப், கோரம், எல்ஸ்வொர்த், வில்சன் ஐவரும் பத்து நாள் உட்கார்ந்து முதல் முழு வரைவைத் தயாரித்தார்கள். மாநில வாசகங்கள் கணிசமாக நுழைந்த இடம் அந்தக் குழு. அதில் மேடிசன் இல்லை, அங்கே நடந்த பேச்சுக்குப் பதிவும் இல்லை. எஞ்சியவை சில வரைவுத் தாள்கள் மட்டுமே.

எதை எடுக்காமல் விட்டார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் பதவிக்குச் சொத்துத் தகுதியும் மத உறுதிமொழியும் இருந்தன. கூட்டாட்சி ஆவணம் மதச் சோதனையை வெளிப்படையாகத் தடை செய்தது. சொத்துத் தகுதியை வைக்கவில்லை. வாக்குரிமையில் மட்டும் கைகழுவிவிட்டார்கள்: மாநிலத்தின் கீழவைக்கு வாக்களிக்கத் தகுதி உள்ளவருக்குக் காங்கிரஸின் கீழவைக்கும் வாக்கு உண்டு. அதன் விளைவாக, 50 பவுண்டு சொத்துள்ள பெண்களை வாக்களிக்க விட்ட நியூ ஜெர்சியில் அவர்கள் கூட்டாட்சித் தேர்தலிலும் வாக்களிக்க முடிந்தது, 1807-இல் அந்த மாநிலம் அதைப் பறிக்கும்வரை.

தாக்கம் திரும்பவும் பாய்ந்தது. 1789-இல் ஜார்ஜியா ஒற்றை அவையைக் கைவிட்டது. 1790-இல் பென்சில்வேனியா வில்சனின் முயற்சியில் இரண்டு அவையும் வீட்டோ உள்ள ஆளுநருமாக மாறியது. தணிக்கைக் குழு காணாமல் போனது. பென்சில்வேனியாவைப் பார்த்து 1777-இல் எழுதிய வெர்மான்ட் மட்டும் ஒற்றை அவையை 1836 வரை விடவில்லை.